பனிச்சரிவு: அடி லேயர்தான் வில்லன்!

குல்மார்க்ல கேபிள் கார் ஏறி அபர்வத் மலைக்குப் போய், தயார் பண்ணாத சரிவுல ஸ்கீ பண்ண ஆசையா? முதல்ல இதைப் படிச்சிடுங்க. 2023 பிப்ரவரி 1 அன்று அங்கேதான் போலந்து ஸ்கீ வீரர்கள் இரண்டு பேர் பனிச்சரிவில் இறந்தார்கள்.

மலைமேல் கிடக்கும் பனி ஒரே கட்டி இல்லை. ஒவ்வொரு பனிப்பொழிவும் ஒரு லேயர். தரையை ஒட்டிய பனி கிட்டத்தட்ட 0 டிகிரியில் இருக்கும், மேற்பரப்போ கடுங்குளிரில். 10 செ.மீ.க்கு 1 டிகிரிக்கு மேல் வித்தியாசம் வந்தால், நீராவி மேலே நகர்ந்து, அடிப்பனி சர்க்கரை மாதிரி ஒட்டாத படிகங்களாக மாறிடும். அதன்மேல் காற்று குவித்த கெட்டிப் பனி உட்கார்ந்தால்? ரவை மேல வச்ச டைல்ஸ் கதைதான்! நாம படிச்ச ஷியர் ஃபெயிலியரேதான். ஒருத்தர் எடை போதும். விரிசல் நொடியில் பரவி மொத்தப் பலகையும் சறுக்கும். விபத்துகளில் பெரும்பாலும் சிக்கியவரோ கூட வந்தவரோதான் அதைக் கிளப்பிவிடுறாங்க.

ஆபத்தான சரிவு 30 முதல் 45 டிகிரி. அதைவிடச் செங்குத்தா இருந்தா பனி சேராமல் அவ்வப்போது உதிர்ந்துடும். காலடியில் 'வும்ஃப்' சத்தம், ஓடும் விரிசல், புதுப் பனி, பலத்த காற்று, திடீர் வெயில் எல்லாமே எச்சரிக்கை.

புதைந்தவரை 10-15 நிமிடத்தில் தோண்டி எடுத்தால்தான் பிழைக்க நல்ல வாய்ப்பு. மீட்புக் குழு வருவதற்குள் அந்த நேரம் போயிடும். அதனால 457 கிலோஹெர்ட்ஸ் பீக்கன், ப்ரோப், ஷவல் மூணும் ஒவ்வொருத்தர்கிட்டயும் இருக்கணும். ஒரு நேரத்தில் ஒருத்தர் மட்டும் இறங்குங்க. மற்றவங்க பாதுகாப்பான இடத்தில் நின்னு பாருங்க. சந்தேகமா இருக்கா? திரும்பிடுங்க.