நிரலும் உரையும்

நம் கலாசாலை மாணவர் பலர் இந்நாளில் கணினி நிரல் எழுதப் பயில்கின்றனர். அவர்தம் நிரல்களில் உரைக்குறிப்பு என்பது பெரும்பாலும் காணப்படுவதில்லை. காணப்படுமிடத்தும் கோணல்மாணலாய்க் கிடக்கின்றது. ஆதலின் இப்பொருள்பற்றிச் சில கூறத் துணிந்தோம்.

திண்டிவனத்தில் ஒருவரும் விழுப்புரத்தில் ஒருவருமாக, ஒரு புகைவண்டியில் எஞ்சியுள்ள ஒரே இடத்தை ஒரே வேளையில் கைபேசி வழியே கேட்கின்றனர் என்று கொள்வோம். இடம் ஒருவர்க்கே கிடைத்தல் வேண்டும். இடையே மின்சாரம் நின்றாலும் கணக்குக் குழறுதல் ஆகாது. இத்தகைய காவலைச் செய்வதே தரவுத்தள வழங்கி. அவ்வகையுள் ஒன்றாகிய போஸ்ட்கிரெஸ்கியூஎல், 1986-இல் பெர்க்லிப் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஸ்டோன்பிரேக்கர் தொடங்கிய ஆராய்ச்சியினின்றும் தோன்றி, 1996-இல் இப்பெயர் பெற்றது. சி மொழியில் அமைந்த அதன் மூலநிரலை யாவரும் இலவசமாய்ப் பெற்று வாசிக்கலாம். பல லட்சம் வரிகள் கொண்ட அதனை வாசிப்பார்க்குத் துணையாவன இடையிடையே உள்ள உரைக்குறிப்புக்களே.

உரைக்குறிப்பைச் சாய்கோடும் உடுக்குறியும் இட்டுத் தொடங்கி, உடுக்குறியும் சாய்கோடும் இட்டு முடிப்பர். இடையில் உள்ளதைக் கணினி ஏறிட்டும் பாராது. பின்னர் அஃது எற்றுக்கு எனின், விழுப்புரத்தினின்று செஞ்சி செல்லும் சாலையை அடுத்த மண்டகப்பட்டுக்கு வருக. ஆங்கு 7-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மகேந்திரவர்மன் குடைவித்த கோயிலில் வடமொழிக் கல்வெட்டு ஒன்று உளது. செங்கல், மரம், உலோகம், சுதை ஆகிய இவையின்றி இதனை அமைத்ததாக அஃது உரைக்கின்றது. பாறையைப் பார்ப்பவன் உள்ளதைக் காண்பான். வேண்டுமென்றே விலக்கப்பட்டது யாதென அவனுக்கு எங்ஙனம் தெரியும்? கல்வெட்டை அழித்தாலும் கோயில் விழாது. நிரலின் உரைக்குறிப்பும் அத்தன்மைத்தே. இவ்வழியை ஏன் கொண்டோம், மற்றொன்றை ஏன் விடுத்தோம் என்பதை அதுவே சொல்லும்.

இனி அதன் வடிவத்தைப் பார்ப்போம். ஏட்டுச் சுவடிகளில் மூலமும் உரையும் கலந்து கிடந்தமையால், 1887-இல் சீவகசிந்தாமணியை நச்சினார்க்கினியர் உரையோடு அச்சிட்ட உ.வே. சாமிநாதையர் அவற்றைப் பிரித்தறியப் பட்ட பாட்டை நம் தமிழ் மாணவர் அறிவர். நிரலில் அக்கலப்பு இல்லையெனினும், பலர் கைபட்ட நிரலில் உரை ஒவ்வோரிடத்து ஒவ்வொரு வகையாய் நிற்கும். போஸ்ட்கிரெஸ் குழுவினர் இதனைச் சீர்செய்யப் 'பிஜிஇண்டென்ட்' என்னும் கருவியை வைத்திருக்கின்றனர். இரட்டைச் சாய்கோட்டுக் குறிப்புக்களை அது பழைய உடுக்குறி வடிவிற்கு மாற்றும். வரியின் முதலிடத்திலேயே தொடங்கும் குறிப்பைத் தொடாது. உள்ளே தள்ளித் தொடங்குவதையோ உரைநடையாகக் கருதி, வரிகளை மீண்டும் மடக்கி நிரப்பிவிடும். நல்லதுதான், ஆனால் அக்குறிப்பில் ஓர் அட்டவணை இருந்தால் என்னாகும்? நிரைகள் யாவும் ஒன்றோடொன்று கலந்து ஒரு பத்தியாகிவிடும்! அதனைக் காக்க விரும்புவோர், குறிப்பின் தொடக்கத்தில் சிறு கோடுகளை வரிசையாய் இடுவர். கருவி அதனை விட்டு விலகிப்போம்.

நிரலுக்கு வலப்புறம் நிற்கும் சிறு குறிப்புக்களின் செய்தி வேடிக்கையானது. அவை இயல்பாக 33-ஆம் எழுத்திடத்தில் தொடங்கும். அங்கே நிரல் இருப்பின் வலப்புறம் தள்ளப்படும். மூலநிரலில் தத்தல் இடைவெளி 4 எழுத்திடமாயிருக்க, கருவியோ 8 என்று கணக்கிட்டு வந்தது. அதனாற் சில குறிப்புக்கள் ஒரு தத்தலும் சில இரு தத்தலும் விலகி நின்றன. 2017 ஜூன் மாதத்தில் இது திருத்தப்பட்டது. ஏறத்தாழப் பாதியிடங்களில் குறிப்பு ஒரு தத்தல் இடப்புறம் வந்து, எழுதுதற்கு இடமும் மிகுந்தது.

கருவி வடிவையே திருத்தும் என்பதை மறத்தல் கூடாது. நிரல் மாறியபின்னும் மாறாதிருக்கும் பொய்க் குறிப்பை அது அழகாக அடுக்கி வைக்கும், அவ்வளவே. அதனை வாசித்துத் திருத்துதல் மனிதர் கடன்.

நம் மாணவர் ஒருவர் ஒரு முறை முந்நூறு வரிகளின் குறிப்புக்களை ஒழுங்குசெய்தார். அதே கையோடு ஓரிடத்தில் ஒப்பீட்டுக் குறியையும் மாற்றிவிட்டார். முந்நூறு மாற்றங்களுக்கிடையே அவ்வொன்றைக் கண்டுபிடிக்க எமக்கு இரு மாலைப்பொழுதுகள் கழிந்தன. போஸ்ட்கிரெஸ் குழுவினரோ, நிரல் முழுவதையும் ஒழுங்குசெய்யும் மாற்றத்தைப் பிற மாற்றங்களோடு கலவாது தனியே பதிவு செய்கின்றனர். 'கிட்' என்னும் பதிவேட்டில் ஒவ்வொரு வரியையும் இறுதியாக மாற்றியவர் யார் என்று கேட்டறியலாம். கேட்கும்போது வெறும் ஒழுங்குசெய்தற் பதிவே விடையாக வாராதபடி, விலக்கத்தக்க பதிவுகளின் எண்களை ஒரு கோப்பில் எழுதி மூலநிரலோடேயே வைத்திருக்கின்றனர்.