செப்பேடும் கைரேகையும்

மதுரை ஆரப்பாளையத்திலிருந்து தேனி செல்லும் பஸ், செக்கானூரணியைக் கடந்து உசிலம்பட்டியை நோக்கிச் செல்கையில் சாலையின் இருமருங்கும் விரிந்து கிடப்பது, 8 நாடும் 24 உபகிராமமும் என்று பிரமலைக் கள்ளர் இன்றும் எண்ணிச் சொல்லும் பூமியாகும். 17ஆம் நூற்றாண்டில் திருமலை நாயக்கர் இந்நாட்டுத் தலைவரான பின்னத்தேவருக்குப் பட்டமும், வழக்குகளைத் தீர்க்கும் அதிகாரமும் அளித்துச் செப்பேட்டுச் சாசனம் வழங்கினார் என்பது இவ்வூர்களின் மரபு. மன்னனுக்கும் ஒரு ஜனசமூகத்துக்கும் இடையே ஏற்பட்ட உடன்படிக்கை என்றே அதனை நான் மதிக்கிறேன்.

பின்னர் வந்த ஆங்கில சர்க்கார், கூலி பெற்று ஊர்களைக் காக்கும் இவர்களது காவல் உரிமையைப் பறித்துப் போலீஸை நிறுத்தியது. காவல் கூலி பிற குடியானவர்களுக்குப் பாரமாயிருந்ததும், 1896இல் அவர்கள் அதனை எதிர்த்துத் திரண்டதும் மெய்யே. ஆயினும் அக்குறைக்குப் பரிகாரமாகப் பிறப்பினாலேயே ஒருவரைக் குற்றவாளியாக்கும் சட்டத்தை எந்த நியாயத்தால் ஏற்பது? 1911ஆம் ஆண்டுக் குற்றப்பரம்பரைச் சட்டத்தை ஜனங்கள் ரேகைச் சட்டம் என்றே அழைத்தனர். அதன் கீழ் ஆடவர் கைரேகை பதிந்து, ராத்திரிச் சீட்டின்றி ஊர் தாண்ட இயலாத நிலைக்கு ஆளாயினர். ரேகை வைக்க மறுத்த பெருங்காமநல்லூரில், 1920 ஏப்ரல் 3 அன்று போலீஸார் சுட்டதில் மாயக்காள் என்னும் பெண்மணி உட்பட 16 பேர் மாண்டனர். மதுரை வக்கீல் ஜார்ஜ் ஜோசப் இம்மக்களுக்காகச் சளைக்காமல் வாதாடினார்; சென்னை மாகாணத்தில் சட்டம் நீங்கியதோ 1947இல்தான்.

சட்டம் போயிற்று, பறித்ததற்குக் கணக்குக் கேட்கும் சபை மாத்திரம் அமையவில்லை. நியூசிலாந்திலோ அத்தகைய சபை உண்டு. அந்நாட்டு மாவோரித் தலைவர்கள் 1840 பிப்ரவரி 6 அன்று வைத்தாங்கியில் பிரிட்டிஷ் முடியுடன் ஒப்பந்தம் செய்து, பின் நிலங்களைப் பெரும்பாலும் இழந்தவர்களாயினும், 1975இல் அங்கே ஒரு நியாயசபை நிறுவப்பட்டது. 1985இல் அதற்கு 1840 வரை பின்னோக்கி விசாரிக்கும் அதிகாரமும் கிடைத்தது. 1995இல் மாவோரிகளுள் வைக்காட்டோ மக்களிடம் எலிசபெத் மகாராணி தம் கையொப்பமிட்டே மன்னிப்புக் கோரினார். ஒப்பந்தத்தின் பொருளைச் சட்டத்தால் குறுக்க முயன்ற மசோதாவையும் 2025 ஏப்ரலில் அந்நாட்டுப் பார்லிமெண்ட் நிராகரித்தது.

நம் நாட்டில் குற்றப்பரம்பரைச் சட்டத்திலிருந்து விடுபட்ட சமூகங்களான சீர்மரபினர் குறித்துக் கமிஷன்கள் அமர்ந்தன, அறிக்கைகளும் அளித்தன; எனினும் கமிஷன் சிபாரிசு செய்யுமே அன்றித் தீர்ப்பளிக்காது. செப்பேட்டையும் ரேகைப் பதிவேட்டையும் ஒருங்கே விரித்துப் பார்த்து, பெருங்காமநல்லூரின் சந்ததியார் வாக்குமூலத்தைக் கேட்டு, சர்க்காரைக் கட்டுப்படுத்தும் முடிவு கூறவல்ல ஒரு நிரந்தர நியாயசபையைச் சட்டத்தின் மூலம் நிறுவ வேண்டுமென்று நான் கேட்கிறேன். அதன் முதல் அமர்வு உசிலம்பட்டியிலேயே கூடட்டும்.