காட்டு வண்டியில் ஒரு வீடு

விழுப்புரம் மாவட்டத்திலுள்ள ஆரோவில்லுக்கு 1969-ல் பிரான்சிலிருந்து ஒரு குழு தரைவழியாகவே வண்டி ஓட்டி வந்து சேர்ந்தது. வழியெல்லாம் வண்டிதான் வீடு.

நான்கு சக்கரமும் இழுக்கும் பழைய வண்டியைப் படுக்கை, அடுப்போடு நடமாடும் வீடாக்கும் ஆசை இங்கும் உண்டு. ஃபோக்ஸ்வாகனின் பழைய நான்கு சக்கர இழுவை 'சின்க்ரோ' வேன்கள் உலகம் முழுவதற்குமே சுமார் 43,000தான். ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில் 1992 வரை தயாரானவை அவை. அவை கிடைப்பது அரிது என்பதால் நம் ஊர்க்காரர் கண் போவது ஜோங்கா மீது. நிசான் வடிவமைப்பில், ஜபல்பூர் ராணுவ வாகனத் தொழிற்சாலை 1969 முதல் 1999 வரை செய்த வண்டி இது. பொதுமக்களுக்கென்று 1996-ல் டீசல் எஞ்சினோடு விட்டது சுமார் 100தான். மற்றவை ராணுவம் ஏலத்தில் கழித்தவை.

வாங்கிவிட்டால் கட்டுப்படியாகுமா? ராணுவ ஜோங்காவின் எஞ்சின் 3,956 சிசி, பெட்ரோல். பங்க்கைக் கண்டாலே நிற்கும்! திண்டிவனம்–விழுப்புரம் நான்குவழிச் சாலையில் நான்கு சக்கர இழுவைக்கு வேலையே இல்லை. மரக்காணம் கடற்கரை மணலில், மழை ஊறிய ஏரிக்கரையில்தான் அது கைகொடுக்கும். அங்கேயும் தண்ணீர்த் தொட்டி, கட்டில், அலமாரி என்று பாரம் ஏற ஏறச் சக்கரம் புதையும்.

செலவைவிடப் பெரிய முட்டுக்கட்டை, மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு. தயாரிப்பாளர் தந்த அடிப்படை அமைப்பை உரிமையாளர் தன் இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது என்கிறது அது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. அதனால் பட்டறைக்குப் போகுமுன் ஆர்.டி.ஓ. அலுவலகம் போக வேண்டும்.