கதவில் ஒரு மம்மி

அக்டோபர் 31, அமெரிக்காவில் ஹாலோவீன் இரவு. பேய் வேடம் போட்ட பிள்ளைகள் மிட்டாய் கேட்டு வீடு வீடாக வருவார்கள். அவர்களையே பயமுறுத்த வேண்டுமென்றால், அதைச் செய்ய வேண்டியது வாசற்கதவுதான். இதற்கென்றே கடைகளில் விலை கூடிய பொம்மைகள் உண்டு. ஆனால் சிக்கனக்காரர்கள் கைவைப்பது டாய்லெட் பேப்பரில்!

கதவின் குறுக்கே காகிதப் பட்டைகளைச் சாய்வாக, ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி ஒட்டினால், துணி சுற்றிய எகிப்திய மம்மி தயார். நேராக ஒட்டினால் வெறும் காகிதம்தான் தெரியும். கோணல்மாணலாக இருந்தால்தான் பேய்க்களை வரும். கண்ணுக்கு இரண்டு காகிதத் தட்டுகள், நடுவில் கறுப்பு வட்டம். ஒரு கண்ணைப் பட்டையால் பாதி மூடிவிடுங்கள், முழியே மாறிவிடும். காகிதம் பிடிக்காதவர்கள் மெல்லிய வலைத்துணியைத் தேயிலைச் சாயத்தில் நனைத்துக் காயவைக்கலாம். புதுத்துணி பழுப்பேறி, கல்லறையிலிருந்து எடுத்தது போலாகிவிடும்.

ஒட்டுவதற்கு பெயின்டர்கள் பயன்படுத்தும் டேப் நல்லது, உரிக்கும்போது பெயின்ட் பெயராது. பூட்டையும் கைப்பிடியையும் மூடாதீர்கள். காகிதம் சட்டென்று பற்றிக்கொள்ளும். எனவே வாசலில் வைக்கும் பூசணி விளக்குக்குள் மெழுகுவத்தி வேண்டாம், பேட்டரி விளக்கே போதும்.