பெட்டியில் எதை வைக்காமல் விடுவது?

மருத்துவமனைக் கட்டிலருகே தொங்கும் ஒரு லிட்டர் சலைன் பையைக் கையில் வாங்கிப் பார்த்தால் ஒரு கிலோவுக்குச் சற்றுக் கூடுதலாகவே கனக்கும். அதில் உள்ள உப்பு 9 கிராம். மீதி முழுக்கத் தண்ணீர். நகரத்து மருத்துவமனையில் யாரும் இதைப் பற்றி யோசிப்பதில்லை. போர் நடக்கும் ஊருக்கோ, நிலநடுக்கத்தில் சாலை பிளந்துபோன மலைக்கோ அனுப்ப வேண்டும் என்னும்போது கணக்கு வேறாகிவிடுகிறது. அப்போது விமானத்தில் ஏற்றுவது ஏறக்குறைய வெறும் தண்ணீரைத்தான். கடுமையான காலரா கண்ட பெரியவர் ஒருவர் ஒரே நாளில் பத்து லிட்டருக்கு மேல் இழக்கக்கூடும். ஆயிரம் பேர் படுத்துவிட்டால் நாளொன்றுக்குப் பத்து டன் சலைன். எந்த விமானம் சுமக்கும்?

1971இல் இந்தக் கேள்வி வங்காள எல்லையில் நிஜமாகவே எழுந்தது. கிழக்குப் பாகிஸ்தானில் நடந்த போரிலிருந்து தப்பி, ஏறத்தாழ ஒரு கோடிப் பேர் இந்தியாவுக்குள் வந்தார்கள். முகாம்களில் காலரா பரவியது. கொல்கத்தாவிலிருந்து எல்லை ஊரான பொங்காவ்ன் மருத்துவமனைக்குச் சென்ற மருத்துவர் திலீப் மகலனோபிஸ், நோயாளிகள் தரையெங்கும் கிடப்பதைக் கண்டார். நரம்பில் ஏற்றும் திரவம் தீர்ந்துகொண்டிருந்தது. அவர் ஒரு துணிச்சலான முடிவெடுத்தார். குளுக்கோஸ், சாப்பாட்டு உப்பு, சோடா உப்பு மூன்றையும் அளந்து பாலித்தீன் பைகளில் போட்டு, சூடான இஸ்திரிப் பெட்டியால் வாயை ஒட்டி, பொங்காவ்னுக்கு அனுப்பச் செய்தார். அங்கே பீப்பாய்களில் தண்ணீர் நிரப்பி அதில் கரைத்தார்கள். நோயாளியின் தாயோ அண்ணனோ குவளையில் பிடித்துப் போய்க் கொடுத்தார்கள். ஒரு லிட்டருக்கான பொருட்செலவு 11 பைசா. அதுவரை நூற்றுக்கு முப்பது பேர்வரை இறந்துகொண்டிருந்த இடத்தில், இறப்பு 3.6 விழுக்காட்டுக்கு இறங்கியது.

குடித்த தண்ணீர் வயிற்றுப்போக்காகவே வெளியேறிவிடாதா என்று அன்றைய மருத்துவர்கள் பலர் ஐயப்பட்டார்கள். ஐயத்தில் நியாயம் இருந்தது. காலராக் கிருமியின் நஞ்சு குடற்சுவரின் செல்களைத் தூண்டி, உப்பையும் அதன் பின்னாலேயே தண்ணீரையும் குடலுக்குள் கொட்டவைக்கிறது. வெறும் தண்ணீரோ வெறும் உப்புநீரோ குடித்தால் உடலில் தங்காது. ஆனால் அந்தச் செல்களில் இன்னொரு வாசல் இருக்கிறது. நஞ்சு அதைத் தொடுவதில்லை. ஒரு குளுக்கோஸ் மூலக்கூறு வந்தால், கூடவே இரண்டு சோடியம் அயனிகளையும் சேர்த்து உள்ளே இழுத்துக்கொள்ளும் புரதம் அது. சோடியம் போனால் தண்ணீரும் போகும். இந்தக் கூட்டுக் கடத்தலை ராபர்ட் கிரேன் 1960இல் பிராகில் நடந்த கருத்தரங்கில் முன்வைத்தார். 1968இல் டாக்காவில் டேவிட் நாலினும் ரிச்சர்ட் கேஷும் காலரா நோயாளிகளுக்குக் கரைசலைக் குடிக்கக் கொடுத்து, ஊசிவழித் திரவத்தின் தேவை பெருமளவு குறைவதைக் காட்டினார்கள். முகாமின் நெருக்கடியில் அதைச் செய்து காட்டியவர் மகலனோபிஸ்.

இன்று உலகச் சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி தயாராகும் ஓஆர்எஸ் பொட்டலத்தின் எடை 20.5 கிராம். ஒரு லிட்டருக்கு அது போதும். ஒரு கிலோவிலிருந்து இருபது கிராமுக்கு வந்தது எப்படி? தண்ணீரை மட்டுமல்ல, ஊசியை, குழாயை, ஊசி குத்தத் தெரிந்த கையை எல்லாம் பெட்டியிலிருந்து எடுத்துவிட்டார்கள். தண்ணீர் முகாமிலேயே கிடைக்கும். சுத்தம் செய்தால் போதும். கொடுப்பதற்குத் தாய் இருக்கிறாள்.

பேரிடர் மருத்துவத்தின் அறிவெல்லாம் இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். பெட்டியில் எதை வைப்பது என்பதைவிட, எதை வைக்காமலேயே காரியத்தை முடிப்பது என்பதுதான் கடினமான கேள்வி.

அந்தக் கேள்விக்குப் பல அமைப்புகள் சேர்ந்து எழுதிய விடை ஒன்று இருக்கிறது. உலகச் சுகாதார நிறுவனமும் யூனிசெஃப், செஞ்சிலுவைச் சங்கம், எல்லைகளற்ற மருத்துவர்கள் முதலிய அமைப்புகளும் ஏற்றுக்கொண்ட அவசர மருத்துவப் பெட்டகம் அது. பத்தாயிரம் பேருக்கு மூன்று மாதம் என்பது அதன் கணக்கு. மொத்த எடை சுமார் ஒரு டன். பத்து அடிப்படை அலகுகளும், மருத்துவர்களுக்கான ஒரு துணை அலகும் அதில் அடங்கும். பத்து அலகும் ஒன்றுபோலவே இருக்கும். லாரியிலிருந்து இறக்கியதும் ஆளுக்கொன்றாகப் பத்துத் திசைக்கு அனுப்பிவிடலாம்; எவரும் உட்கார்ந்து பிரிக்க வேண்டியதில்லை. ஒவ்வொன்றும் ஆயிரம் பேரைத் தாங்கும்.

அடிப்படை அலகில் ஊசிமருந்து கிடையாது. விழுங்குவதும் பூசுவதும் மட்டுமே. சில மாதப் பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர் ஒருவர், மரத்தடியில் உட்கார்ந்து, காய்ச்சலையும் இருமலையும் வயிற்றுப்போக்கையும் பார்க்கும் இடத்துக்காக அமைந்தது அது. மருந்தோடு சோப்பு, வாளி, மாத்திரை போட்டுக் கொடுக்கச் சிறு பிளாஸ்டிக் பைகள், நோட்டுப் புத்தகம், பேனா எல்லாம் பட்டியலில் வரும். பேனா எதற்கு என்று தோன்றலாம். கடை எரிந்துபோன ஊரில் பேனாவை எங்கே வாங்குவது? இன்று எத்தனை குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு என்று எழுதிவைக்காவிட்டால், காலரா வந்துவிட்டது நாலு நாள் கழித்துத்தான் தெரியவரும். துணை அலகின் பட்டியலில், கருவிகளைக் கிருமி நீக்கும் நீராவி அழுத்தக் கலத்தோடு மண்ணெண்ணெய் அடுப்பும் இடம்பெற்றிருக்கிறது. மின்சாரம் இருக்கும் என்று நம்பி எதையும் அனுப்புவதில்லை.

துணை அலகில் கெட்டமின் என்ற மயக்க மருந்தும் உண்டு. வழக்கமான மயக்க மருத்துவத்துக்குக் கருவி வேண்டும், சிலிண்டர் வேண்டும், மூச்சைக் கவனித்துக்கொண்டே இருக்கும் வல்லுநர் வேண்டும். 1962இல் கால்வின் ஸ்டீவன்ஸ் என்ற வேதியியலர் உருவாக்கிய கெட்டமின், வலியை அறியவிடாமல் செய்துவிட்டு மூச்சைப் பெரும்பாலும் அதன் போக்கில் விட்டுவிடுகிறது. குப்பியைக் குளிரூட்டியில் வைக்க வேண்டியதில்லை. ஒரு சிறு குப்பி, ஓர் அறை நிறையும் கருவிகளின் வேலையில் பெரும்பகுதியைச் செய்துவிடுகிறது. பேறுகாலப் பெட்டகம் இன்னும் சிறியது. ஒரு சோப்பு, ஒரு பிளாஸ்டிக் விரிப்பு, தொப்புள்கொடியைக் கட்டக் கயிறு, அறுக்கப் புது பிளேடு, கையுறை, குழந்தையைச் சுற்றத் துணி, எழுத்து தெரியாதவருக்கும் புரியும் படத்தாள். ஓடிக்கொண்டிருக்கும் வழியில் பிள்ளை பெறும் ஒரு பெண்ணுக்கும் அவள் குழந்தைக்கும் தொற்று வராமல் தடுக்க இவ்வளவுதான் வேண்டும், இவ்வளவும் வேண்டும்.

வெப்பத்தை மட்டும் இவ்வளவு எளிதாக விட்டுவிட முடிவதில்லை. முகாமில் முதலில் போட வேண்டிய தடுப்பூசிகளில் தட்டம்மைத் தடுப்பூசி முக்கியமானது. நெரிசலில் தட்டம்மை குழந்தைகளை வாரிக்கொண்டு போகும். ஆனால் தடுப்பூசி சூட்டில் கெடும். கெட்டதும் கெடாததும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். வழியில் எங்கோ ஒரு கிடங்கில் இரண்டு நாள் வெயிலில் கிடந்ததா என்று குப்பியைப் பார்த்து யார் சொல்வது?

குப்பியே சொல்லும்படி செய்துவிட்டார்கள். அதன் லேபிளில் ஒரு வட்டம், வட்டத்துக்குள் ஒரு வெளிர் சதுரம். சதுரத்தில் பூசிய வேதிப்பொருளின் சிறு மூலக்கூறுகள் வெப்பம் படப்பட ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு நீண்ட சங்கிலியாகின்றன. சங்கிலி வளர வளர நிறம் கறுக்கிறது. குளிரில் வைத்தால் வேகம் குறையுமே தவிர, கறுத்தது வெளுக்காது. ஆகவே அது இந்த நொடியின் வெப்பநிலையைக் காட்டுவதில்லை. தயாரான நாளிலிருந்து குப்பி பட்ட சூட்டையெல்லாம் கூட்டிக் காட்டுகிறது. சதுரம் வட்டத்தைவிட வெளிறியிருந்தால் போடலாம். வட்டத்தின் நிறத்தை எட்டிவிட்டால் தூக்கி எறிய வேண்டும். மின்கலம் இல்லை, எண் இல்லை, மொழி இல்லை. 1996இல் வாய்வழிப் போலியோ மருந்துக் குப்பிகளில் இது முதலில் ஒட்டப்பட்டது. நான் படித்தறிந்த மருத்துவக் கருவிகளில் இதைவிட அடக்கமான ஒன்று நினைவுக்கு வரவில்லை.

இத்தனை யோசனையும் இல்லாமல், கையில் இருப்பதை அன்போடு அள்ளி அனுப்பினால் என்ன ஆகும்? ஆர்மீனியா பதில் சொல்லியிருக்கிறது.

1988 டிசம்பர் 7 காலை, ஸ்பிடாக் நகரை மையமாகக் கொண்டு நிலநடுக்கம் ஏற்பட்டது. சுமார் 25,000 பேர் இறந்தார்கள். உலகம் உருகியது. பனிப்போர்க் காலத்திலும் சோவியத் எல்லை திறந்தது; விமானம் விமானமாக உதவி வந்து இறங்கியது. மருந்தும் மருத்துவப் பொருளும் மட்டும் 5,000 டன். அவற்றைப் பிரித்து அடுக்க 50 பேருக்கு ஆறு மாதம் ஆயிற்று. 8 விழுக்காடு வந்து சேரும்போதே காலாவதியாகியிருந்தது. 4 விழுக்காடு உறைபனியில் வீணானது. எஞ்சியதில் 30 விழுக்காட்டைத்தான் இன்ன மருந்து என்று எளிதில் அடையாளம் காண முடிந்தது. காரணம் எளியது: பல மொழிகளில், நிறுவனங்கள் வைத்த வணிகப் பெயர்களில் லேபிள்கள் இருந்தன. பாரிஸில் ஒரு பெயரும் மிலானில் இன்னொரு பெயருமாக விற்கும் ஒரே மாத்திரையை ஆர்மீனிய மருத்துவர் எப்படிக் கண்டுபிடிப்பார்? காயம்பட்டவர்களைப் பார்க்க வேண்டிய கைகள் அட்டைப்பெட்டிகளைப் பிரித்துக்கொண்டிருந்தன.

இது ஒருமுறையோடு முடியவில்லை. 1992க்கும் 1996க்கும் இடையே போஸ்னியாவுக்குப் போன மருந்துகளில் 17,000 டன் பயனற்றவை என்றும், அவற்றை அழிக்கவே 3 கோடியே 40 லட்சம் டாலர் ஆகும் என்றும் ஓர் ஆய்வு மதிப்பிட்டது. மருந்தைக் குப்பைபோலக் கொளுத்திவிட முடியாது. போதிய வெப்பம் இல்லாத தீயில் நச்சுப்புகை எழும். புதைத்தால் நிலத்தடி நீரில் கலக்கும். போரில் நொறுங்கிய ஒரு நாட்டின் தலையில் இந்தச் சுமையையும் ஏற்றிவைத்தோம்.

இந்த அனுபவங்களிலிருந்துதான் 1996இல் உலகச் சுகாதார நிறுவனம் மருந்து நன்கொடைக்கான நெறிமுறைகளை வெளியிட்டது. பெறுபவர் கேட்டதையே கொடுக்க வேண்டும். நம் நாட்டில் தரமில்லை என்று ஒதுக்கியதை அவர்களுக்குத் தரக் கூடாது. வந்து சேரும்போது குறைந்தது ஓராண்டு ஆயுள் மிச்சமிருக்க வேண்டும். உலகமெங்கும் பொதுவான மருந்துப்பெயர் லேபிளில் இருக்க வேண்டும். நோயாளிகள் பயன்படுத்தியது போக மிஞ்சியதை அனுப்பவே கூடாது.

கடைசி விதி நமக்கும் நேராகப் பொருந்தும். வெள்ளமோ புயலோ வந்தால் நம் தெருக்களிலும் நிவாரணப் பெட்டி வைக்கிறார்கள். அலமாரியில் கிடக்கும் பாதி மாத்திரை அட்டைகளை நல்ல மனத்தோடு அதில் போடுகிறோம். மருந்துக்கடையில் நாலு மாத்திரைக்காகக் கத்தரித்த அட்டையில் காலாவதித் தேதி மறுபாதியோடு போயிருக்கும். சில சமயம் பெயரே பாதிதான் இருக்கும். எந்தச் சூட்டில் எத்தனை மாதம் கிடந்தது என்று சொல்லத் தடுப்பூசிக் குப்பியின் சதுரம்போல எதுவும் அதில் இல்லை. முகாமில் இருக்கும் மருத்துவர் அதை எந்தத் துணிவில் ஒரு குழந்தைக்குக் கொடுப்பார்? தரப்படுத்திய பெட்டகங்களை வாங்கி அனுப்பும் அமைப்புக்கு அந்த மாத்திரையின் விலையைப் பணமாகக் கொடுப்பது பல மடங்கு பயன்தரும்.

ஆர்மீனியாவுக்கு உண்மையில் என்ன வேண்டியிருந்தது? இடிபாட்டில் நசுங்கியவர்களுக்கான சிகிச்சை. லண்டன்மீது குண்டு விழுந்த நாள்களில், 1941இல், எரிக் பைவாட்டர்ஸ் இதை விவரித்திருந்தார். சுவருக்கடியில் பல மணி நேரம் கால் நசுங்கிக் கிடந்தவர், மீட்கும்போது தெளிவாகப் பேசுவார். சில நாளில் சிறுநீர் நின்று இறந்துபோவார். பாரத்தைத் தூக்கியதும் நசுங்கிய தசைக்குள் மீண்டும் ரத்தம் பாய்கிறது. சிதைந்த செல்களிலிருந்து பொட்டாசியமும் மயோகுளோபின் என்ற தசைப் புரதமும் உடலெங்கும் பரவுகின்றன. முன்னது இதயத்தை நிறுத்தும். பின்னது சிறுநீரகத்தின் நுண்குழல்களை அடைக்கும். தடுக்க ஒரு வழி உண்டு. இடிபாட்டுக்குள் கை எட்டுமென்றால், பாரத்தைத் தூக்குவதற்கு முன்பே சலைன் ஏற்றத் தொடங்கிவிட வேண்டும். இங்கே தண்ணீரைப் பெட்டியிலிருந்து எடுக்க முடியாது. பொட்டலத்தைக் கரைத்துக் கொடுப்பதும் உதவாது. சலைனிலும் எது என்று பார்க்க வேண்டும். பல மருத்துவமனைகளில் வழக்கமாக ஏற்றும் ரிங்கர் லாக்டேட்டில் சிறிதளவு பொட்டாசியம் இருப்பதால், ஏற்கெனவே அது மிகுந்துவிட்ட இந்த நோயாளிகளுக்கு அதைத் தவிர்க்கிறார்கள்.

தப்பியவர்களிலும் பலருக்குச் சிறுநீரகம் மீளும்வரை டயாலிசிஸ் தேவைப்படும். ஆர்மீனியாவுக்குக் கருவிகளும் வல்லுநர்களும் பல நாடுகளிலிருந்து வந்தார்கள். யாருக்கு எங்கே எத்தனை என்று ஒருங்கிணைக்க ஆளில்லாததால் முழுப் பயன் கிடைக்கவில்லை. அந்த வேதனையிலிருந்து சர்வதேசச் சிறுநீரகவியல் சங்கம் பேரிடருக்கென்றே ஒரு பணிக்குழுவை அமைத்தது. 1999 ஆகஸ்ட் 17 அன்று துருக்கியின் மர்மரா பகுதியில் நிலம் நடுங்கியபோது, அந்தக் குழு எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்போடு சேர்ந்து துருக்கிச் சிறுநீரக மருத்துவர்களுக்குத் தோள்கொடுத்தது. எந்த மருத்துவமனையில் எத்தனை பேர், எத்தனை கருவி, என்ன குறைகிறது என்று கேட்டு, அதற்கேற்பப் பொருளும் ஆளும் அனுப்பினார்கள். 35 மருத்துவமனைகளில் 639 பேருக்குச் சிறுநீரகம் பாதிக்கப்பட்டிருந்தது. 477 பேருக்கு டயாலிசிஸ் செய்தார்கள். 639 பேரில் 542 பேர் பிழைத்தார்கள்.