எண்ணெய்த் தட்டுப்பாடும் எங்கள் இல்லங்களும்

"நாளைக்குப் பெற்றோல் இல்லையாம்!"

இந்தச் சிறு வாக்கியம் ஓர் ஊரை என்ன பாடு படுத்தும் என்பதை யாழ்ப்பாணத்தவருக்கு எவரும் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. சொன்னவர் யார், அவருக்குச் சொன்னவர் யார் என்று கேட்பாரில்லை. கொக்குவிலில் எழுந்த சொல் கோண்டாவிலைக் கடந்து மருதனார்மடம் போய்ச் சேருமுன்னரே, வழியிலுள்ள எரிபொருள் நிலையங்களின் வாசலில் மோட்டார் சைக்கிள்கள் வால்பிடித்து நிற்கத் தொடங்கிவிடும். அப்படி நின்றவர்களுள் நாமும் ஒருவர். அதனாலேயே இதனை எழுதுகிறோம்.

2022ஆம் ஆண்டின் கதை பெரியோர் யாவரும் அறிந்தது. அன்று சிறுவராயிருந்த மாணவர் பொருட்டுச் சுருக்கமாகச் சொல்வோம். நாட்டின் கையிருப்பிலிருந்த டொலர் வற்றிப்போயிற்று. எண்ணெய் ஏற்றிய கப்பல் கடலில் வந்து நிற்கும். கொடுக்கப் பணமில்லாமையால் எண்ணெய் கரையேறாது. அவ்வாண்டு பெப்ரவரியில் எண்ணெய் வாங்குவதற்கென இந்தியா 50 கோடி டொலர் கடன் வசதி அளித்தது. அதுவும் நெடுநாள் தாங்கவில்லை. மார்ச் மாத முடிவில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் மின்வெட்டு. ஏப்ரல் 12ஆம் தேதி வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்திவைப்பதாக அரசாங்கம் அறிவித்தது. ஆண்டின் தொடக்கத்தில் லீற்றர் 177 ரூபாவாயிருந்த பெற்றோல் ஜூன் 26ஆம் தேதி 470 ரூபாவாயிற்று. அதற்கு மறுநாள், ஜூலை 10 வரை அத்தியாவசிய சேவைகளுக்கன்றி வேறெவர்க்கும் எரிபொருள் இல்லை என்ற செய்தி வந்தது.

வரிசைகள் இரவு பகலாய் நீண்டன. வண்டியைச் சங்கிலியால் மரத்தோடு பிணைத்துவிட்டு வீடு சென்று உறங்கி வந்தோர் உண்டு. வண்டியருகே பாயை விரித்தோரும் உண்டு. மனைவியர் புட்டுப் பொட்டலத்துடன் வந்து கணவனை வரிசையில் தேடிக் கண்டுபிடித்த காட்சியையும் கண்டோம். வேடிக்கைபோல் தோன்றினும், தென்னிலங்கையில் முதியோர் சிலர் வரிசையில் நின்றபடியே சுருண்டு விழுந்து உயிர் நீத்தனர் என்பதை நினைத்தால் சிரிப்பு வருவதில்லை.

இனி எமது செய்கையைச் சொல்வோம். எமது வீட்டுக்கும் கல்லூரிக்கும் இடையே இரண்டு மைல். மோட்டார் சைக்கிளின் தாங்கி பாதிக்கு மேல் நிறைந்திருந்தது. பத்து நாள் ஓடப் போதும். ஆயினும் அந்தச் சொல் காதில் விழுந்ததும் அதிகாலை நான்கு மணிக்கு வரிசையில் நின்றோம். நிரப்பிக்கொண்டு வீடு வந்து, குழாயால் உறிஞ்சிக் கலனில் விட்டோம். இரண்டு நாள் கழித்து மீண்டும் சென்றோம். மூன்றாம் முறை நாம் நிரப்பி வெளியேறிய சற்று நேரத்தில் "எண்ணெய் முடிந்தது" என்று கயிறு கட்டிவிட்டார்கள். எமக்குப் பின்னால் நான்காவதாக நின்றவர் அயலூர் முச்சக்கர வண்டிச் சாரதி. எமக்கு முகப்பழக்கம் உடையவர். தாயாரைக் கிளினிக்குக்குக் கொண்டுபோக வேண்டுமென்று விடிய முன்னமே வந்து நின்றவர்.

"பரவாயில்லை சேர். நாளைக்குப் பவுசர் வருமாம்" என்று எமக்கே ஆறுதல் கூறிவிட்டு, வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார்.

அப்பொழுது எமது வீட்டுக் கலனில் ஏழு லீற்றர் இருந்தது. கூப்பிட்டுக் கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை. இரண்டு நாள் மனம் உறுத்திய பின்னரே கலனைத் தூக்கிக்கொண்டு அவர் வீட்டுக்குச் சென்றோம். தாயாரைச் சைக்கிளில் வைத்துத் தள்ளியே கொண்டுபோய் வந்துவிட்டாராம். இரண்டு லீற்றரை மட்டும் வாங்கிக்கொண்டு, அரசாங்க விலையைக் கணக்குப் பார்த்து எமது சட்டைப்பையில் வைத்தார். அந்தக் காசை வாங்கிக்கொண்டு நின்ற நிலையை இன்றும் மறக்க முடியவில்லை.

கணிதம் கற்பிக்கும் நண்பர் ஒருவர் இதனை ஒரு தாளில் போட்டுக் காட்டினார். ஓர் ஊரில் 1,000 மோட்டார் சைக்கிள்கள் உள்ளன என்று கொள்வோம். ஒவ்வொன்றும் வாரத்துக்கு 4 லீற்றர் எரிக்கும். எனவே ஊர் முழுவதற்கும் நாளொன்றுக்கு வேண்டியது ஏறத்தாழ 570 லீற்றர். 6,600 லீற்றர் கொண்ட ஒரு பவுசர் பதினொரு நாளைக்குக் காணும். இப்பொழுது ஒரு வதந்தி பிறக்கிறது. யாவரும் ஒரே நாளில் ஓடிச் சென்று, மூன்று லீற்றர் கிடக்கும் பத்து லீற்றர்த் தாங்கியை வாய்வரை நிரப்புகிறார்கள். ஆளுக்கு 7 லீற்றர்; மொத்தம் 7,000 லீற்றர். பதினொரு நாட் சரக்கு அன்று மாலைக்குள் தீர்ந்து, கடைசியில் வந்தோர் வெறுந்தாங்கியுடன் திரும்புகின்றனர். இதில் ஒருவராவது ஒரு துளி கூடுதலாக எரிக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். எண்ணெய் எங்கும் போய்விடவில்லை. ஊரிலேதான், ஆயிரம் தாங்கிகளுக்குள் உறங்குகிறது. 2022இல் உண்மையான பற்றாக்குறை இருந்தது, மறுக்கவில்லை. அந்தப் பற்றாக்குறையின் மேல் எம்போன்றோரின் கலன்கள் இன்னொன்றை ஏற்றிவைத்தன.

இஃது எம்மவர்க்கு மட்டும் உரிய குணமுமன்று. 2021 செப்டெம்பரில் இங்கிலாந்தில் பவுசர் ஓட்டச் சாரதிகள் போதாமையால் சில நிலையங்கள் மூடப்பட்டன. சுத்திகரிப்பு நிலையங்களில் எண்ணெய் போதியளவு உண்டு என்று அரசாங்கம் சொல்லச் சொல்ல மக்கள் வண்டிகளுடன் திரண்டனர். சில நாட்களிலேயே நிலையங்கள் பல வறண்டன. ஒக்டோபரில் இராணுவத்தினரே பவுசர் ஓட்ட வேண்டியதாயிற்று. அந்நாட்டில் எண்ணெய் நிலையம் நடத்தும் எம்மவர் பலர் அந்த வாரத்தில் பட்ட பாட்டைத் தொலைபேசியில் கேட்டு, இங்குள்ள உறவினர் வியந்தனர். ஒரு பொய்யை நம்பி எல்லோரும் நடந்தால் அந்த நடத்தையே பொய்யை மெய்யாக்கிவிடும் என்று அமெரிக்கச் சமூகவியலறிஞர் றொபேட் மேர்ட்டன் 1948இல் எழுதினார். அவர் காட்டிய உதாரணம், வதந்தியால் முறிந்த ஒரு வங்கி.

ஆனால் யாழ்ப்பாணத்து அச்சத்துக்கு வேறொரு வேரும் உண்டு. 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டபின் குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது, யாழ்தேவி நின்றது, பெற்றோலும், பற்றரியும், சீமெந்தும், பசளையும் தடைப்பட்ட பொருள்களாயின. மண்ணெண்ணெய் அளந்து வந்தது. பொன்போல் விலை போயிற்று. பழைய மொறிஸ், ஒஸ்ரின் கார்களுக்குச் சில துளி பெற்றோலைக் காட்டி உயிரூட்டி, பின்னர் மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். தெருவெல்லாம் அந்தப் புகை மணம். சைக்கிளைத் தலைகீழாய் நிறுத்தி, ஒருவர் மிதியைச் சுற்ற, டைனமோ மின்சாரத்தில் மற்றோர் வானொலிச் செய்தி கேட்பர். செய்தியின் நடுவே சுற்றுபவர் கை சோர்ந்தால் யாழ்ப்பாணத்தின் நிலவரம் பாதியில் நின்றுவிடும்! 2006 ஆகஸ்டில் ஏ-9 பாதை மூடப்பட்டபோது மீண்டும் அதே கதை. இவற்றையெல்லாம் கண்ட ஒரு தலைமுறை, "இல்லையாம்" என்ற சொல்லைக் கேட்டதும் கலனைத் தூக்குவதை மூடத்தனம் என்று எளிதில் தள்ளிவிட முடியாது. பட்ட நினைவு கையை இழுக்கிறது.

அந்நாளில் நாம் படித்தது ஜாம் போத்தல் விளக்கில். போத்தலின் அடியில் பஞ்சை இட்டு, அது நனையுமளவு மட்டும் மண்ணெண்ணெய் வார்த்து, கம்பியில் தாங்கிய திரியை உள்ளேயே எரியவிடுவர், போத்தலே சிமினி. அரிக்கேன் லாம்பு ஓர் இரவு குடிக்கும் எண்ணெயில் இது பல இரவு எரியும். கவிழ்ந்தாலும் பெருகி ஓடுவதற்கு உள்ளே எண்ணெய் கிடையாது. இதைக் கண்டுபிடித்தவர் பெயர் எங்கும் எழுதப்படவில்லை. இந்த ஒளியில் உயர்தரப் பரீட்சை எழுதிப் பல்கலைக்கழகம் புகுந்தவர்கள் பலர்.

தென்னிலங்கையிலும் விளக்கைப் பற்றிச் சிந்தித்த ஒருவர் இருந்தார். சத்திரசிகிச்சை வைத்தியர் விஜய கொடகும்புர, குப்பி விளக்குச் சரிந்து எரிகாயமடைந்து வந்தோரைக் கண்டு கண்டு மனம் நொந்தவர். தட்டையான பக்கங்களும், கனத்த குட்டை உருவமும், திருகு மூடியும் கொண்ட மாமைற் போத்தலைப் பார்த்ததும் அவருக்கு வழி தோன்றியது. அவ்வாறே சரியாத, சரிந்தாலும் உருளாத, எண்ணெய் சிந்தாத கண்ணாடி விளக்கைச் செய்வித்து மலிவு விலையில் பரப்பினார். அதற்காக 1998இல் ரோலக்ஸ் விருது பெற்றார். ஒருவர் முற்றுகையிலிருந்தும் மற்றவர் வைத்தியசாலையிலிருந்தும் வந்து, இருவரும் ஏறத்தாழ ஒரே போத்தலில் முடிந்தது வியப்புத்தான்.

இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. எமது கலன் இருந்த இடம் சமையலறைக்கும் சுவாமி அறைக்கும் இடையிலுள்ள மூலை. ஒருபுறம் அடுப்பு, மறுபுறம் அணையா விளக்கு! பெற்றோல் பூச்சியத்துக்குக் கீழே 40 பாகைக் குளிரிலும் தீப்பற்றும் ஆவியை விடுவது. அந்த ஆவி காற்றைவிட மூன்று மடங்குக்கு மேல் கனமானது. மேலே போகாமல் தரையோடு தவழ்ந்து சென்று நெருப்பைத் தேடிக்கொள்ளும். தண்ணீர்ப் போத்தலில் விட்டால் பிள்ளைகள் எடுத்துக் குடிப்பர். மண்ணெண்ணெய் விளக்கில் சிறிது பெற்றோல் கலந்துவிட்டாலோ விளக்கு வெடிக்கும். "வெளியே வைக்கிறீர்களா, நான் வெளியே போகட்டுமா?" என்று இல்லாள் கேட்ட பின்னரே எமக்குப் புத்தி வந்தது. வெளியே என்றால் கிணற்றடியுமன்று. எமது நிலம் சுண்ணாம்புக்கல். மேலே சிந்துவது கீழே இறங்கிவிடும். சுன்னாகப் பகுதிக் கிணறுகளில் எண்ணெய் கலந்த வழக்கு 2019இல் உயர் நீதிமன்றத் தீர்ப்புவரை சென்றது நினைவிருக்கும்.

எண்ணெயைச் சேமிப்பது ஒன்று. எண்ணெய் இல்லாமல் சில நாள் தாக்குப்பிடிக்கப் பழகுவது வேறொன்று. முன்னதில் நாம் எடுத்த ஒவ்வொரு லீற்றரும் இன்னொருவர்க்கு இல்லாமற் போகிறது. பின்னதில் நாம் எவருடைய பங்கையும் தொடுவதில்லை. பனை வளரும் எமது மண்ணில் அடுப்புக்குப் பஞ்சமே வேண்டியதில்லை. ஒடியலுக்குக் கிழங்கு பிடுங்கியபின் எஞ்சும் ஊமல் நின்று எரியும்; கங்குமட்டையும் தென்னம்பாளையும் நன்றாகப் பிடிக்கும்; பன்னாடை ஒரு தீக்குச்சியில் பற்றும். சோறு முக்காற்பதம் வெந்ததும் பானையை இறக்கி, வைக்கோல் நிறைந்த பெட்டியுள் சாக்கால் மூடிவைத்தால், மீதி தானே வேகும், விறகு மிச்சம். பயற்றையும் கடலையையும் முதல்நாளே ஊறவைத்தல் பாட்டிமார் சொல்லித்தந்தது. எரிவாயு அடுப்பு வந்தபின் புதுவீடு கட்டுவோர் புகைக்கூடே வைப்பதில்லை. 2022இல் அவ்வீடுகளில் கல்வைத்து விறகு மூட்டியபோது குழந்தைகள் இருமிய இருமலை நாம் கேட்டோம். வீட்டுக்கு வெளியே ஒரு தாழ்வாரமும் ஒரு மண்ணடுப்பும் போதும்.

கமக்காரர் நிலைதான் கடினம். வெங்காயத் தறைக்கு இறைக்கும் இயந்திரம் மண்ணெண்ணெயில் ஓடுவது. மீனவரின் படகு இயந்திரமும் அவ்வாறே. 1990களில் துலா மிதித்து இறைத்தவர்கள் இருந்தார்கள். இன்று துலா ஏறத் தெரிந்தவரை ஊரில் தேட வேண்டும். 2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் 87 ரூபாவிலிருந்து ஒரேயடியாக 340 ரூபாவுக்கு உயர்ந்தபோது, அந்த அடி கார் உடையவர்மேல் விழவில்லை.

வரிசைகளைக் குறைத்தது புத்திமதியுமன்று, பொலிசாருமன்று, பங்கீடு. 2022 ஜூலையில் கியூ ஆர் முறை வந்தது. வாரத்துக்கு மோட்டார் சைக்கிளுக்கு 4 லீற்றர், முச்சக்கர வண்டிக்கு 5, காருக்கு 20. தன் பங்கு தனக்கு உண்டென்று தெரிந்ததும் மனிதர் அமைதியடைந்தனர். முந்தி வருபவர்க்கு இலாபமில்லையென்றால் எவர் நான்கு மணிக்கு எழுவார்? சங்கக் கடையில் கூப்பன் காட்டி அரிசி வாங்கிய எமது பாட்டனாருக்கு இது புதுமையாய் இருந்திராது. 2023 செப்டெம்பர் முதலாம் தேதி அம்முறை நிறுத்தப்படும்வரை எமது கலன் வெறுமையாகவே கிடந்தது. வாரத்துக்கு 4 லீற்றரில் எமக்கு ஒன்றரை மிஞ்சியது என்பதையும் ஒப்புக்கொள்கிறோம். அவ்வாண்டு நல்லூர்த் திருவிழாவுக்குச் சைக்கிளில் போனோம்; போன வழியெல்லாம் சைக்கிள்கள்.

எமது அடுத்த வளவில் ஓர் ஆச்சி இருக்கிறார். அந்த நெருக்கடி முழுவதிலும் அவர் ஒருநாளும் எந்த வரிசைக்கும் போகவில்லை. கிணற்றடிக்கு அப்பால் வேலியோரம் அவருடைய ஊமற் குவியலும் மட்டைக் கட்டும் ஆண்டு முழுவதும் கிடக்கும். மாரிக்கு முன் கிடுகால் மூடிவிடுவார். எமது சிலிண்டர் தீர்ந்த அன்று, வெட்கத்தை விட்டு, வேலியருகே போய் நின்றோம்.

"எவ்வளவு வேணும் எண்டாலும் எடு தம்பி" என்றார். "ஆனா மட்டையைத் தட்டிப்போட்டு எடு. உள்ளுக்குப் பாம்பு கிடக்கும்."