கொத்தனாரின் கைப்பழக்கத்தை அளக்கும் பட்டை

கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் ஹாலோ பிளாக் சுவர் எழும்பும் இடத்தில் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். புதிதாக வந்தவர் குனிந்து, மூச்சைப் பிடித்துக் கல்லைத் தூக்குவார். பழைய கொத்தனார் அதே கல்லை ஊஞ்சல் மாதிரி வீசி வரிசையில் உட்காரவைத்துவிடுவார். எப்படி என்று கேட்டால், "கைப்பழக்கம்தான்" என்பார். அதற்கு மேல் அவராலும் விளக்க முடியாது.

அதை எண்ணாக்கிக் காட்டுவதுதான் உடலில் கட்டும் மோஷன் சென்சார் பட்டை. செல்போனைச் சாய்த்தால் திரை திரும்புகிறதே, அதே வகைச் சில்லுதான். வேகம் மாறுவதை ஒன்று அளக்கும், உடல் சுழல்வதை இன்னொன்று. முதுகு, தோள், தொடை என்று கட்டிவிட்டால் எவ்வளவு குனிந்தார், எத்தனை முறை திரும்பினார் என்பது தெரியும். கல்லின் எடையையும் சேர்த்தால் இடுப்பில் ஏறும் சுமையைக் கணக்கிடலாம்.

கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில், அனுபவத்தில் பல படிகளில் இருந்த 21 கொத்தனார்களுக்கு இதைக் கட்டிச் சுவர் எழுப்பச் சொன்னார்கள். தேர்ந்தவர்கள் பயிற்சியில் சொல்லித்தரும் விதிப்படி வேலை செய்யவே இல்லை! தூக்குவதைக் குறைத்து வீசினார்கள். முதுகைக் குறைவாக வளைத்தார்கள். வேலையும் வேகம், மூட்டுக்கும் சுமை குறைவு. அந்த அசைவைப் புதியவருக்குப் பழக்க, தப்பாகக் குனிந்த கணமே உணர்த்தும் உடுப்பு ஒன்றை உருவாக்கவும் அந்தக் குழு இறங்கியது. இந்தி, ஒடியா பேசும் தொழிலாளர்கள் நிறைந்த நம் வட்டாரத்தில், மேஸ்திரியின் தமிழைவிட முதுகில் ஒரு அதிர்வு சீக்கிரம் புரியும்.

இரும்புக் கம்பிக் கட்டுகளுக்கு நடுவே ஒரு தொல்லை உண்டு. திசை பார்க்க இந்தப் பட்டையில் இருக்கும் காந்த உணரி அங்கே தடுமாறும்.

இன்னொன்று, சென்சார் எதையும் இலேசாக்காது. நம் சிமென்ட் மூட்டை 50 கிலோ. எல்லாம் சாதகமாக இருந்தாலும் 23 கிலோவுக்கு மேல் தூக்கவேண்டாம் என்கிறது அமெரிக்காவின் நியோஷ் அமைப்பின் கணக்கு. மூட்டையை ஆள் தூக்கவே தேவையில்லாதபடி தள்ளுவண்டி வாங்கித் தருவதுதான் முதல் மருந்து. பட்டையெல்லாம் அதற்குப் பிறகு.

அந்தப் பட்டையின் கணக்கு யார் கைக்குப் போகிறது என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். இடுப்புவலிக்காகக் கட்டியது, "பத்து நிமிஷம் ஏன் அசையவில்லை?" என்று சித்தாளை அதட்டவும் உதவும்.